குளிரிலும் ஒரு சன்னல் திறந்திருக்கட்டும்

மார்கழி மாத விடியற்காலையில் சன்னல் இடுக்கு வழியே வரும் காற்று முகத்தில் பட்டதும் என்ன செய்வீர்கள்? எழுந்துபோய்ச் சன்னலை இறுகச் சாத்திவிட்டு மீண்டும் போர்வைக்குள் புகுந்துகொள்வீர்கள். நானும் அப்படித்தான் செய்வேன். நம் ஊரில் அதனால் பெரிய கேடு எதுவும் விளைந்துவிடுவதில்லை. ஓட்டிடுக்கு, கதவிடுக்கு, சமையலறைப் புகைபோக்கி என்று நம் வீடுகளில் காற்று புகுவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. ஆனால் உறைபனி கொட்டும் ஒரு நாட்டில், டிரெய்லர் வண்டிக்குள் குடியிருக்கும் ஒருவர் இதே காரியத்தைச் செய்தால் அது அவர் உயிருக்கே உலை வைத்துவிடலாம். "குளிருகிறதா? எல்லா ஓட்டையையும் அடை!" என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்த யோசனை அங்கே பாதிதான் சரி; மறுபாதி ஆபத்தானது என்பது என் கருத்து. ஏன் என்பதை உங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் இந்த டிரெய்லர் வீடு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். திரைப்படப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதைப் போன்றதுதான் இதுவும். ஆனால் இதற்குச் சொந்த எஞ்சின் கிடையாது; காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லவேண்டும். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை யாவும் உள்ளே உண்டு. கோடை விடுமுறையில் ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் சென்று நான்கு நாள் தங்கி வருவதற்காகச் செய்யப்பட்ட வண்டி இது.

கோடைக்காகச் செய்த இந்த வண்டியில் குளிர்காலம் முழுவதும் மனிதர்கள் ஏன் குடியிருக்கிறார்கள்? அமெரிக்காவில் வட டகோட்டா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே, கனடா எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத வில்லிஸ்டன் என்னும் சிறிய ஊரை எடுத்துக்கொள்வோம். 2008-ஆம் ஆண்டை ஒட்டி, நிலத்தடிப் பாறைகளை நீரின் அழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் தொழில் அந்த வட்டாரத்தில் மளமளவென்று வளர்ந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வேலை தேடி வந்தார்கள். வேலை கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. கிடைத்த வீட்டுக்கும் பெருநகரங்களை மிஞ்சும் வாடகை. ஆகவே பலர் டிரெய்லர்களிலேயே குடியேறினார்கள். அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் ஐஸ் அறை கூடப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அளவில்தான் இருக்கும். அந்த ஐஸ் அறையைவிடக் குளிர்ந்த வெளியில், சில சென்டிமீட்டர் கனமே உள்ள சுவருக்குள் ஒரு குடும்பம் உறங்குகிறது!

இப்படிப்பட்ட வண்டியில் வெப்பம் தப்பிப்பதற்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. சுவரின் உள்ளே பஞ்சோ நுரைத்தகடோ வைத்திருப்பார்கள். ஆயினும் அதைத் தாங்கும் சட்டம் அலுமினியமாக இருந்தால், அந்தச் சட்டத்தின் வழியே வெப்பம் வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் வெளியே ஓடிவிடும். தரைக்கு அடியிலோ வெறும் காற்று. வீட்டின் தரை மண்ணில் படிந்திருக்கிறது. வண்டியின் தரையோ சக்கரத்தின்மேல் தொங்குகிறது. அடியில் செல்லும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்தால் நீரின் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், குழாய் வெடிக்கும். அதனால்தான் வண்டியைச் சுற்றிலும் தரைவரைக்கும் ஒட்டுப்பலகையோ நுரைத்தகடோ வைத்துப் பாவாடை கட்டுவதுபோல் மறைக்கிறார்கள். சிலர் வைக்கோல் கட்டுகளையே சுற்றி அடுக்குவதுண்டு. இது நல்ல யோசனைதான். இதை நான் குறை சொல்லமாட்டேன்.

எரிவாயுவிலும் ஒரு விஷயம் உண்டு. நம் சமையல் எரிவாயு உருளையில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் கொதித்து ஆவியாகும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியது. அதற்குக் கீழே குளிர்ந்தால் அது உருளைக்குள் திரவமாகவே கிடக்கும், அடுப்புக்கு வராது. புரோப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே குளிர்நாட்டு டிரெய்லர்களில் புரோப்பேன்தான் பயன்படுகிறது.

இனி ஈரத்துக்கு வருவோம். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எரிவாயு எரியும்போது என்ன உண்டாகிறது என்று கேட்டால் "கரியமில வாயு" என்று உடனே சொல்வீர்கள். தண்ணீரும் உண்டாகிறதே, அதை மறந்துவிட்டீர்கள் அல்லவா? வீட்டில் அம்மாவோ அப்பாவோ குளிர்ந்த நீர் நிரம்பிய எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும்போது அருகில் நின்று கவனியுங்கள். முதல் சில விநாடிகளில் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மெல்லிய ஈரம் படிந்து, பிறகு மறையும். அது பாத்திரத்தின் உள்ளே இருந்து கசிந்த நீர் அன்று. எரிவாயுவிலிருந்து பிறந்த நீர். வேதியியல் கணக்குப்படி 44 கிராம் புரோப்பேன் முழுமையாக எரிந்தால் 72 கிராம் நீராவி கிடைக்கும். அதாவது ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோவுக்கும் மேல் நீர்!

இந்த நீர் எங்கே போகும்? ஆறு மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கும். இருபது டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகமாகப் போனால் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பெருக்கிப் பாருங்கள், வண்டி முழுவதற்கும் 476 கிராம், அதாவது அரை லிட்டருக்கும் குறைவு. சமையல் அடுப்பின் ஒரு பர்னரைக் குளிர்காய்வதற்காக இரவு முழுவதும் எரியவிட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயு தீரும். ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி சேரும். இதனோடு இரண்டு பேர் விடும் மூச்சு, கொதிக்கும் சூப்பு, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் கூட்டுங்கள். காற்றால் தாங்க முடியாத நீர் குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் படிந்து வழியும். கண்ணாடியின் உட்புறத்திலேயே பனிக்கட்டியாக உறையும். மெத்தையின் அடியில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்குள் இருக்கும் பஞ்சு நனையும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது. குளிரைத் தடுக்க ஓட்டையை அடைத்தவர், கடைசியில் முன்னிலும் குளிரான வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

இங்கே ஒரு மாணவர் கையைத் தூக்குவார்: "ஐயா, சன்னலைத் திறந்தால் வெளியே இருக்கும் பனி ஈரம் உள்ளே வந்துவிடாதா?" நல்ல கேள்வி. சென்னையில் நவம்பர் மாத மழையில் சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். உப்பு ஜாடி கசியும், அப்பளம் நமுத்துப்போகும். வட டகோட்டாவில் நடப்பது இதற்கு நேர்மாறு. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உள்ள காற்று, எவ்வளவு ஈரமாக இருந்தாலும், கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியைத்தான் தாங்கும். அந்தக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது, 17 கிராம் பிடிக்கும் பாத்திரத்தில் ஒரு கிராம் மட்டும் இருப்பதற்கு ஒப்பாகிறது. பாலைவனக் காற்றுபோல் அது வறண்டிருக்கும். அகப்பட்ட ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பனி கொட்டும் இரவில் கூரைத் துவாரத்தைச் சிறிது திறந்து வைப்பதுதான் வண்டியை உலர்த்தும் வழி.

ஈரம் துன்பம் தரும். கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கும். வண்டியோடு பொருத்தப்பட்டு வரும் கணப்பு அடுப்பில் பயம் குறைவு. அதன் நெருப்பு தனி அறைக்குள் எரிகிறது. புகை ஒரு குழாய் வழியே வெளியே செல்கிறது. அந்தக் குழாயின் வாயைப் பனி மூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த அடுப்பின் விசிறியை ஓட்டுவது பாட்டரி. கடுங்குளிரில் பாட்டரியின் திறன் பாதியளவுக்குக் குறைந்துவிடும். நள்ளிரவில் விசிறி நின்று, கணப்பும் அணைந்துபோகும். அப்போது மனிதர் என்ன செய்வார்? சமையல் அடுப்பைப் பற்றவைப்பார். அல்லது கையில் தூக்கிச் செல்லும் சிறிய ஹீட்டரை உள்ளே கொண்டுவருவார். காற்று போகாதபடி எல்லாவற்றையும்தான் அடைத்தாயிற்றே! பிராணவாயு குறையக் குறைய எரிபொருள் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். ஜலதோஷம் என்று எண்ணி மனிதர் படுத்துக்கொள்வார். சிலர் எழுந்திருப்பதேயில்லை.

படிக்காதவர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்வார்கள் என்று எண்ணவேண்டாம். தென் துருவ ஆராய்ச்சியில் புகழ்பெற்ற அமெரிக்க அட்மிரல் ரிச்சர்டு பேர்டு, 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அண்டார்க்டிகாவில் வானிலையைக் குறிப்பெடுப்பதற்காகப் பல மாதங்கள் தன்னந்தனியே தங்கினார். அவர் இருந்த அறை, முன்பே செய்து கொண்டுவந்து பனிக்குள் புதைத்த ஒரு சிறு மரப்பெட்டி. நம் டிரெய்லருக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பும், வானொலிக்கு மின்சாரம் தந்த பெட்ரோல் எஞ்சினும் கக்கிய கார்பன் மோனாக்சைடு அவரைச் சாய்த்துவிட்டது. அடுப்பை எரித்தால் நச்சு வாயு. அணைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேற்பட்ட குளிர். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் வாரக்கணக்கில் ஊசலாடினார். தம் நிலையை அவர் தளத்துக்குச் சொல்லவில்லை. என்றாலும், அவர் அனுப்பிய செய்திகள் தடுமாறுவதைக் கண்டு சந்தேகம் கொண்ட மூன்று தோழர்கள், ஆகஸ்டு மாதத்தில் டிராக்டரில் சென்று அவரைக் காப்பாற்றினார்கள். டிரெய்லரில் இருக்கும் தொழிலாளிக்கு அப்படி ஒரு தளமும் இல்லை. செய்தி தடுமாறுவதைக் கவனிக்கத் தோழர்களும் இல்லை.

இனுயிட்டு மக்கள் பனிக்கட்டியால் கட்டிய இக்ளூ வீடுகளில், கூரையில் ஒரு சிறு துவாரம் விட்டார்கள். சீல் கொழுப்பு விளக்கின் புகையும் உள்ளே இருப்போரின் மூச்சும் அதன் வழியே வெளியேறின. கடுங்குளிரில் வாழ்ந்தவர்கள் தங்கள் கூரையில் வேண்டுமென்றே ஓட்டை போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். (ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்துபோன செய்திகளை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கரியடுப்பும் ஜெனரேட்டரும் அறைக்குள் வரவே கூடாதவை. அவற்றுக்குச் சன்னலைத் திறந்து வைப்பது பரிகாரம் ஆகாது.)

"சன்னலைத் திறந்தால் வெப்பமெல்லாம் வீணாகாதா? எரிவாயுவுக்குக் காசு யார் கொடுப்பது?" என்று வண்டியில் குடியிருப்பவர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. நமக்கென்ன, இங்கே உட்கார்ந்து எழுதிவிடுகிறோம். ஆகையால் இதையும் கணக்கிடுவோம். மணிக்கு ஒருமுறை வண்டியின் காற்று முழுவதும் மாறுகிறது என்று கொள்வோம். 28 கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 34 கிலோ. அதை 40 டிகிரி அளவுக்குச் சூடாக்க ஏறத்தாழ 1,350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். புரோப்பேன் ஒரு கிராமுக்கு 46 கிலோஜூல் தரும். புகைக்குழாய் வழியே போகும் வீண் செலவையும் சேர்த்தால் மணிக்கு 40 கிராம். நாளொன்றுக்கு ஒரு கிலோ. அதற்கு ஈடாக மணிக்குக் கால் லிட்டர் வரை நீராவி வெளியேறுகிறது. நாள் முழுவதற்கும் ஆறு லிட்டர். இரண்டு பேர் மூச்சும் சமையலும் துணியும் சேர்ந்துகூட அவ்வளவு ஈரம் உண்டாக்க மாட்டா.

தினம் ஒரு கிலோ எரிவாயு ஒரு கூலித் தொழிலாளிக்குச் சிறிய செலவு அன்று. அந்த ஒரு கிலோவை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது என்று கேட்டால், வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றி மறைப்பதிலும், சன்னல் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் தாளை ஒட்டுவதிலும் பிடியுங்கள் என்பேன். சுவரையும் தரையையும் எவ்வளவு வேண்டுமானாலும் போர்த்தலாம். கூரைத் துவாரத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால், இரண்டாவது போர்வை வாங்குவதற்கு முன் கார்பன் மோனாக்சைடு வந்தால் கூவும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிக் கட்டிலருகே மாட்டவேண்டும். பாட்டரி தீர்ந்துபோனால் அது கூவாது. அதையும் வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளவேண்டும்.