கடைசிப் பெஞ்சுப் பிள்ளை

காரைக்கால் கோவில்பத்து. காலை நேரம். ஞானசம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரிக் கோவில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கமாகப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவர்களில் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் அவனுக்குக் கடைசிப் பெஞ்சு. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாக எழுதுகிறான். கேள்வி கேட்டால் விழிக்கிறான். "மக்கு" என்று பெயர் வந்துவிட்டது. வீட்டிலும் அதே பெயர்தான்.

உண்மையில் அவன் மக்கா? பார்வை மங்கலாக இருக்கலாம். காது சரியாகக் கேளாமல் இருக்கலாம். எழுத்தையும் ஓசையையும் சேர்த்துப் படிப்பதே அவனுக்குச் சிரமமாக இருக்கலாம். இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதை முதலில் கவனிக்கக்கூடியவர் வகுப்பு ஆசிரியர். சரி, அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

சட்டம் இருக்கிறது

உடல் குறையோ, மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிதான் வழி என்று முன்பு நினைத்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகு வளர்ந்தது. 1974-ல் மத்திய அரசு அதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1994-ல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் பல நாடுகள் கூடி இதையே வலியுறுத்தின.

2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டுள்ளன. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு ஏற்றபடி ஆசிரியர்களைப் பழக்குவது அரசின் கடமை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தீர்ப்புக் கூறியது. இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு.

அரைப் பாடம் போதுமா?

சிறப்பு ஆசிரியர் அவசியம் வேண்டும். ஆனால் நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் வகுப்பு ஆசிரியர்தான். அவர் எவ்வளவு படித்து வருகிறார்?

2014-ல் இரண்டு ஆண்டு பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒரு பாடத்திட்டம் வகுத்தது. எல்லாப் பிள்ளைகளுக்குமான பள்ளியை உருவாக்குவது பற்றி அதில் இடம் உண்டு. எவ்வளவு இடம்? அரைத் தாள்!

நீச்சலைப் புத்தகத்தில் படித்தவரை அரசலாற்றில் இறக்கி விட்டால் என்ன ஆகும்? ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடங்கள், நிரப்ப வேண்டிய பதிவேடுகள். ஆசிரியர் மீது பழி போடுவது சுலபம். அவருக்குப் பயிற்சி கொடுக்காமல் பழி போடுவது நியாயம் அல்ல.

மணலில் எழுதினோமே!

பயிற்சி என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தால், பார்வை குறைந்த பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேரும். வகுப்பைப் பார்த்து நின்று பேசினால், காது மந்தமான பிள்ளை உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். நீண்ட வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கொடுத்தால், மெதுவாகப் படிக்கும் பிள்ளையும் முடித்துவிடும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொன்னார்கள். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து படித்தன. படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு இன்றைய நிபுணர்களும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். காரைக்கால் கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்?

காரைக்கால் வழிகாட்டட்டும்

காரைக்கால் சிறிய மாவட்டம். பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம். இந்தச் சிறுமையே ஒரு வசதி. ஆசிரியர்களைப் பயிற்சிக்காகப் புதுச்சேரிக்கு அழைத்து ஒரு நாள் சொற்பொழிவு நடத்தினால் பயன் குறைவு. ஒரு சிறப்பு ஆசிரியர் இன்று கோவில்பத்து, நாளை திருநள்ளாறு, மறுநாள் நெடுங்காடு என்று போகலாம். வகுப்பிலேயே உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று செய்தே காட்டலாம். ஆண்டு முழுவதும் இது நடந்தால், ஊர் தோறும் பழகிய ஆசிரியர்கள் இருப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை படிப்பில் பின்தங்கினால் பிரம்பைத் தேடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைக்கு வீட்டில் எது நன்றாக வருகிறது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது. பாடமும் அவனிடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முதலில் ஆசிரியருக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். கடைசிப் பெஞ்சுப் பிள்ளை தானாக முன்னுக்கு வருவான்.