வீடு எழும்பத் தாமதிப்பது ஏன்?

புயல் ஒரே இரவில் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போகின்றது. அதே கூரையைத் திரும்ப ஏற்றுவதற்கு ஏழைக் குடும்பம் ஒன்று வருடக்கணக்காகக் காத்திருக்கின்றது. காரணம் கேட்டால் "பணம் வரவில்லை", "எங்கள் தலைவிதி", "சனங்களுக்கு முயற்சி காணாது" என்று பதில் வரும். இவற்றால் மட்டும் இந்தத் தாமதத்தை விளக்கிவிட முடியாது என்பதே எமது கருத்து.

1964 டிசம்பர் 22ஆம் திகதி வவுனியா, மன்னார்ப் பக்கமாகக் கடந்து சென்ற பெரும் புயலை எமது மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே புயல் அன்றிரவு அக்கரையில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது. பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அந்தப் பாலம் திருத்தப்பட்டது. தனுஷ்கோடி பட்டினமோ குடியிருக்கத் தகாத இடம் என அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. பாலத்துக்கு உரிமையாளர் ஒருவர், திட்டம் ஒன்று, பணப்பை ஒன்று. இருநூறு வீடுள்ள கிராமத்துக்கோ இருநூறு உரிமையாளர், இருநூறு காணிப் பத்திரம், இருநூறு கடன். ஆகவே கிராமத்தின் வேலை கடினமானதுதான். ஆனால் கடினமான வேலைக்குக் கூடுதல் கவனம் கொடுப்பதற்குப் பதிலாக, அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவதே வழக்கமாகிவிட்டது.

முதலாவது தடை காணி. எந்த வீட்டுத் திட்டம் வந்தாலும் முதற்கேள்வி, "காணிக்கு என்ன பத்திரம் இருக்கிறது?" என்பதே. வன்னியில் பலர் அரச காணியில் அனுமதிப்பத்திரத்துடன் குடியிருப்பவர்கள். அதன் சொந்தக்காரர் இறந்திருப்பார், அல்லது காணாமற் போயிருப்பார். பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். 1958, 1977 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்களில் பலருக்குப் பத்திரமே கிடைக்கவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை கொட்டியபோது, தருமபுரம், விசுவமடுப் பக்கங்களில் இடம்பெயர்ந்தோர் தறப்பாள் கொட்டில்களோடு வெள்ளத்தில் நின்றார்கள். வீடு இழந்தவருக்கு நட்டஈட்டுப் படிவம் உண்டு. தறப்பாளை இழந்தவர் தமது இழப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இரண்டாவது தடை, பணம் வரும் முறை. போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. மக்களே தமது வீட்டைக் கட்டும் அந்த முறையை நாம் வரவேற்கின்றோம். ஆனால் ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டத்துக்குப் பணம் வரும் என்றால், கையில் முதல் இல்லாதவர் கடன்பட வேண்டும். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கட்டும்போது மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறுகின்றன, கொடுப்பனவு மட்டும் ஏறுவதில்லை. பணம் ஐப்பசியில் வந்தால் கமக்காரர் என்ன செய்வார்? வயலை விதைப்பதா, அத்திவாரம் வெட்டுவதா? மழையில் மணல் ஏற்றும் உழவு இயந்திரம் ஒழுங்கைக்குள் வராது. வயலை விட்டால் அடுத்த வருடச் சோறு இல்லை.

மூன்றாவது தடை, முடிவுகள் எம்மைக் கேளாமல் எடுக்கப்படுவது. 2004 சுனாமி முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போனது. பின்னர் வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என அரசு அறிவித்தது. உதவியைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் கைச்சாத்தான பொதுக்கட்டமைப்பு, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத் தடையால் முடங்கியது. இழுபறிக்கிடையே எழும்பிய வீடுகளையும் போர் விட்டுவைக்கவில்லை. 2016இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைத் தரப்போவதாகப் பேசினார்கள். வன்னி வெயிலில் இரும்புச் சுவருக்குள் எப்படி இருப்பது, பிள்ளைகள் வளர்ந்தால் ஓர் அறையை எப்படிச் சேர்ப்பது என்று மக்கள் கேட்டார்கள். திட்டம் நின்றுபோனது. காலமும் வீணானது.

நான்காவது, வீடு மட்டும் எழும்பினால் குடும்பம் எழும்பிவிடாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களின் பெரும்பகுதியை வீழ்த்தியது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறு, ஏழு வருடங்கள் செல்லும். கிணறு, மாடு, விதைநெல், குளத்துக் கட்டு ஆகியவற்றுக்கு உதவி வராவிட்டால், புது வீட்டுக்குள் இருந்துகொண்டே குடும்பம் கடனில் அமிழ்ந்துவிடும்.

இது எமக்கு மட்டும் உரிய துன்பமல்ல. 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. அங்கு நட்டஈடு, புயலுக்கு முந்திய வீட்டு விலை, திருத்தும் செலவு ஆகிய இரண்டில் குறைந்ததை வைத்தே கணிக்கப்பட்டது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வீட்டு விலை முன்பே குறைவு. ஆகவே ஒரே அளவு சேதத்துக்கு அவர்களுக்குக் குறைந்த பணமே கிடைத்தது. பாட்டன் பெயரிலேயே உறுதி இருந்தவர்கள் தமது உரிமையை நிரூபிக்க அலைந்தார்கள். வழக்குப் பேசி 2011இல்தான் ஓர் இணக்கம் ஏற்பட்டது. செல்வந்த நாட்டிலும் புயலுக்கு முன்னிருந்த ஏற்றத்தாழ்வை உதவித் திட்டமே திரும்பக் கட்டியெழுப்பியது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தியது. பழைய முறையிலேயே போனால் பழைய தாமதமே மிஞ்சும். ஆகவே சிலவற்றை வலியுறுத்த விரும்புகின்றோம்.

பத்திரம் இல்லை என்பதற்காக எந்தக் குடும்பமும் பட்டியலிலிருந்து நீக்கப்படக் கூடாது. குடியிருந்ததை அயலவரும் கிராம அலுவலரும் உறுதிப்படுத்தினால் வீட்டு வேலை தொடங்கட்டும், காணிப் பிரச்சினை பக்கத்திலேயே தீர்க்கப்படட்டும். முதற் கொடுப்பனவு வேலை தொடங்குமுன் கையில் வரவேண்டும். அதுவும் காலபோக அறுவடை முடிந்து, பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் வரவேண்டும். தனித்து வாழும் பெண்களும் முதியவர்களும், குடும்பம் சிறியது என்பதால் பின்தள்ளப்படக் கூடாது.

நாமும் செய்யவேண்டியவை உண்டு. அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாகப் பதிவுகள் யாவற்றுக்கும் பிரதி எடுத்து, ஒன்றை வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைப்போம். காணாமற் போனவருக்கு இறப்புப் பதிவு எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவர் காணாமற் போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். சீமெந்தையும் மணலையும் தனித்தனியே வாங்காமல், கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாக மொத்தமாக எடுக்கலாம். வயலில் முறைவைத்து ஒருவருக்கொருவர் உழைத்த நாம், அத்திவாரம் வெட்டவும் அவ்வாறே சேரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுத் திட்டக் கூட்டம் எங்கு நடந்தாலும் கமக்காரர் அமைப்பிலிருந்தும் மாதர் சங்கத்திலிருந்தும் ஆட்கள் போய் முன்வரிசையில் இருக்கவேண்டும். பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். விடுபட்ட பெயர் யாருடையது என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், எமக்குத் தெரியும். அந்தப் பெயரை எழுந்து சொல்வது எமது கடமை.