பொதி சுமப்போருக்கு நித்திரை வேண்டாமா?

2013 ஓகஸ்ட் 14 ஆம் நாள் விடியுமுன், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில், சரக்கு விமானமொன்று ஓடுபாதையை எட்டாமலே தரையில் மோதிச் சிதறியது. விமானிகள் இருவரும் மாண்டனர். அன்றிரவு அவர்கள் பேசிக்கொண்டவை ஒலிப்பதிவுக் கருவியில் எஞ்சியிருந்தன. தமது களைப்பைப் பற்றியும், பயணிகள் விமானிகளுக்கு வரவிருந்த ஓய்வு விதி தமக்கு மறுக்கப்பட்டதைப் பற்றியும் அவர்கள் பேசியிருந்தனர்.

பபலோ நகரருகே 2009 இல் நிகழ்ந்த விபத்தில் 50 பேர் மடிந்த பின்னரே அமெரிக்க அரசு விழித்தது. 2011 டிசெம்பரில் அது வெளியிட்ட விதி, பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வையும், அதனுள் 8 மணி நேர நித்திரைக்கான வாய்ப்பையும் கட்டாயமாக்கியது. சரக்கு விமானிகளுக்கோ விலக்கு! நன்மையிலும் செலவு மிகுதியாம். பெட்டிகளுக்காக அழ உற்றார் இல்லையல்லவா? உடல் நித்திரைக்கு ஏங்கும் நடுச்சாமத்திலேதான் சரக்கு பெரும்பாலும் பறக்கிறது என்பதை அந்தக் கணக்குப்பிள்ளைகள் அறியாதவர்களா?

2014 இல் விசாரணைச் சபை தன் முடிவைச் சொன்னது. இறங்கும் முறையிற் பிழைகள் நேர்ந்தன. அவற்றுக்குக் களைப்பும் துணைநின்றது. ஆனால் துணை விமானியின் களைப்புக்குக் காரணம், அவர் தமது ஓய்வு நேரத்தைச் செவ்வனே பயன்படுத்தாமையாம்! அவர் போதிய நித்திரை கொள்ளவில்லை என்பது மெய்யே. ஆயினும் இரவைப் பகலாக்கி வாழும்படி ஓர் உடலைப் பணித்தவர் யார்?

இறந்தோரின் பணி அட்டவணை புதிய விதிக்கும் அமைந்ததாகவே இருந்தது என்றனர் நிறுவனத்தார். இருக்கட்டும். அவ்வாறாயின், அவ்விதியைத் தாமும் ஏற்றுக்கொள்வதில் அவர்களுக்கு என்ன நட்டம்?