பீடியை விட்டவன் சோம்பேறியா?

"பீடியை உட்டுட்டானாம்! கையும் ஓடல, காலும் ஓடல. இவனுக்கு எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?"

மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைகளில், அம்பத்தூர் எஸ்டேட் ஷிப்டு விடும் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பீடியைத் தொடாமல் மூன்று நாளைத் தள்ளிய தொழிலாளி பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். உடம்பு இரும்பாய்க் கனக்கிறது. யார் பேசினாலும் எரிந்து விழுகிறான். மேஸ்திரி "சோம்பேறி" என்கிறான். கூட்டாளி "ஒண்ணே ஒண்ணு இழு, சரியாயிடும்" என்று நீட்டுகிறான். நாலாம் நாள் அவன் உதட்டில் மறுபடியும் பீடி!

தோற்றது யார்? தொழிலாளி. ஜெயித்தது யார்? புகையிலை முதலாளி. நடுவில் நின்று தரகு வேலை பார்த்தது எது? "பீடி தெம்பு தரும்" என்ற பச்சைப் பொய்!

தெம்பா, கந்துவட்டியா?

புகையிலையில் உள்ள நிகோடின் என்ற நஞ்சு, புகையை இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போகிறது. இருதயத்தை விரட்டுகிறது. சுறுசுறுப்பு வந்ததுபோல் தோன்றுகிறது. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள நிகோடினில் பாதி கழிந்துவிடும். உடனே சோர்வு, எரிச்சல், வேலையில் கவனமின்மை. அடுத்த பீடியை இழுத்ததும் தெளிவு. இந்தத் தெளிவைத்தான் நாம் தெம்பு என்று நம்பி ஏமாறுகிறோம். பீடி பிடிக்காதவனுக்கு அந்தச் சோர்வே கிடையாதே! நம் பையிலிருந்து திருடிய பணத்தை நமக்கே கடனாகக் கொடுத்து, அதற்கு வட்டியும் வாங்கும் கந்துவட்டிக்காரன்தான் பீடி.

அப்படியானால் விட்டவனுக்கு ஏன் இத்தனை அசதி? பல வருஷம் சாட்டையடியில் ஓடிய மாடு, சாட்டை நின்றதும் தடுமாறுகிறது. முதல் 2, 3 நாள் தொல்லை உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். அதுவரை தூக்கம் கெடும், பசி கூடும், மனம் வாடும். இதுவா சோம்பேறித்தனம்? இல்லை, விலங்கு கழலும்போது உண்டாகும் வலி! அதே நேரத்தில் நல்ல காரியமும் நடக்கிறது. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது.

தெரிந்தே செய்த துரோகம்

இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் பிரவுன் அண்டு வில்லியம்சன் சிகரெட் கம்பெனியின் தலைமை வக்கீல், நிகோடின் ஆளை அடிமையாக்கும் பொருள் என்று 1963லேயே உள்குறிப்பில் எழுதிவைத்தார். ஆனால் 1994ல் 7 சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிகோடின் அடிமையாக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். அந்த ஏழு பேரில் இந்தக் கம்பெனியின் தலைவரும் ஒருவர்!

நம் நாட்டில் என்ன? 1910ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் வெள்ளைக்கார மூலதனம் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஐ.டி.சி. 2003ல் சர்க்கார் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. எச்சரிக்கைப் படம் அச்சடிக்கச் சொன்னது. ஆனால் பொதுத்துறையான எல்.ஐ.சி. அதே ஐ.டி.சி.யில் பெரும் பங்கு வைத்திருக்கிறது. தொழிலாளி தன் குடும்பத்துக்காகக் கட்டும் பிரீமியம், அவன் உயிரைக் குடிக்கும் பண்டத்தில் முதலீடு!

இந்த வியாபாரத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலானோர் ஆராய்ந்து 2003ல் முடிவை வெளியிட்டனர். 25 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களில், காசநோயால் சாகும் அபாயம் புகைபிடிக்காதவர்களைவிடப் பிடித்தவர்களுக்கு 4 மடங்குக்கு மேல்! நகரத்தில் சிகரெட்டு, கிராமத்தில் பீடி. சுடுகாடு ஒன்றுதான்.

பீடிக்குத்தான் ஓய்வா?

இத்தனையும் தெரிந்த தொழிலாளிகூட ஏன் திரும்பவும் பீடியைத் தொடுகிறான்? மனவுறுதி இல்லை என்று உபதேசிகள் சொல்வார்கள். அவர்கள் எட்டு மணி நேரம் மிஷின் முன் நின்றதில்லை.

பட்டறையில் பீடி பிடிக்க ஐந்து நிமிஷம் வெளியே போனால் மேஸ்திரி கண்டும் காணாமலும் இருப்பான். சும்மா உட்கார்ந்தால் "என்ன வேடிக்கை?" என்பான். வயலில் பீடி பற்றவைக்கவும், வெற்றிலை புகையிலை போடவும் வரப்பேறலாம். இடுப்பு ஒடிகிறது என்று வரப்பேறினால் முறைப்பார்கள். ஆகவே பீடியை விட்டவன் கிடைத்துவந்த ஒரே ஓய்வையும் சேர்த்து இழக்கிறான்!

இதை எழுதுகிறவனும் பட்டவன்தான். இருபது வருஷத்துக்கு முன் ஷிப்டு வேலையில் இருந்தபோது பீடியை விட்டேன். மூன்றாம் நாள் இரவு, தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்காருகிறேன் என்றேன். "பீடி பிடிக்கன்னா போய்ட்டு வா. இல்லேன்னா மிஷினைப் பாரு" என்றார் சூப்பர்வைசர். போனேன். அதற்குப் பின் ஒன்பது வருஷம் பிடித்தேன். இரண்டாம் முறை ஒரு தோழரும் நானும் சேர்ந்து விட்டோம். சங்கக் கமிட்டியில் நான் தூங்கி விழுந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் சாய்ந்துகொள்ளத் தோளைக் கொடுத்தார்கள், பீடியைக் கொடுக்கவில்லை. அன்றோடு ஒழிந்தது.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்காதே, அரைமணி ஓய்வு கொடு என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது யாருடைய தயவால்? தொழிலாளி வர்க்கத்தின் போராட்டத்தால்! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஓய்வைப் பறித்துக்கொண்டு "பீடியை விடு" என்று சொல்வது, சோற்றைப் பறித்துக்கொண்டு "பசிக்காதே" என்று சொல்வதாகும்.

"பீடி சுற்றும் பெண்களின் ஜீவனம் என்னாவது?" என்று கம்பெனிக்காரர்கள் கண்ணீர் விடுகிறார்கள். என்ன கருணை! சுற்றிக் கொடுத்த பீடியில் சொத்தை என்று கழித்துக் கூலியைக் குறைப்பது யார்? 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடித் தொழிலாளர் நலநிதிக்கான தீர்வையை ஒழித்தார்களே, அன்று இந்தக் கருணை எங்கே போயிற்று? நெல்லை, தென்காசி, வேலூர் சகோதரிகளுக்கு மாற்று வேலையும் கூலியும் கேட்டு நாமே நிற்போம். அவர்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நம் நெஞ்சில் நஞ்சை ஏற்ற அனுமதியோம்!

செய்யவேண்டியது

தனியாக விடாதீர்கள், இருவர் மூவராகச் சேர்ந்து விடுங்கள். வார லீவுக்கு முதல் நாள் தொடங்குங்கள். இரவு ஷிப்டு வாரம் வேண்டாம். டீயைப் பாதியாகக் குறையுங்கள். புகை, டீயிலுள்ள காபினை உடம்பு சீக்கிரம் கழித்துவிடச் செய்கிறது. பீடியை விட்டபின் அது வெகுநேரம் தங்கும். பழையபடி நாலு டீ குடித்தால் நடுக்கமும் தூக்கமின்மையும்தான் மிச்சம். தண்ணீரும் மோரும் குடியுங்கள். வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்குங்கள். ஆசை எழும்பினால் பத்து நிமிஷம் நடங்கள், தணிந்துவிடும்.

தாங்கவில்லையென்றால் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் நிகோடின் சூயிங்கம் பற்றிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002லேயே இதற்கென்று சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள். 1800-11-2356 என்ற எண்ணில் செலவில்லாமல் ஆலோசனை கேட்கலாம். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் "பீடியை விட்ட அசதி" என்று இருந்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி போங்கள். 2 வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கூட்டங்களிலேயே பீடிக்கட்டு கைமாறுகிறது. வெட்கப்படவேண்டும்! விட்ட தோழனைக் கேலி செய்வதை நிறுத்துங்கள். அவன் மிஷினைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லோருக்கும் இடைவேளை என்ற கோரிக்கையை மகஜரில் ஏற்றுங்கள். உட்கார பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் கேளுங்கள்.

ஓய்வு நம் உரிமை. அதற்குப் பீடி என்ற அனுமதிச் சீட்டு நமக்குத் தேவையில்லை!