பெயர் அறியாமல் மருந்து ஊற்றுவது

"நியூட்டின் காலில் வெண்பஞ்சு படர்ந்திருக்கிறது, எந்த மருந்தில் குளிப்பாட்டலாம்?" காப்பகங்களில் இனப்பெருக்கப் பணியில் இருக்கும் இளைய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மருந்தின் பெயரைச் சொல்லுமுன் நான் கேட்பது, அது என்னவென்று நுண்ணோக்கியில் பார்த்தீர்களா என்பதே.

பஞ்சாய்க் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா. பூஞ்சை என்று நாம் அழைத்தாலும் அது பூஞ்சையன்று. பழுப்புப் பாசிகளுக்கு உறவான நீருயிரி. புண்பட்ட தோலிலும் இறந்த முட்டைகளிலும் முதலில் குடியேறி, பின்னர் அருகிலுள்ள நல்ல முட்டைகளையும் பற்றும். எனவே இறந்த முட்டைகளை அன்றன்றே அகற்றுவது, நீரைக் குளிர்ச்சியாகவும் தூய்மையாகவும் வைப்பது, தோலைக் கீறும் கூர்ங்கற்களை எடுப்பது ஆகியவையே முதற்சிகிச்சை. புண் ஏன் வந்தது என்று கேளாமல் மெத்திலீன் நீலத்தைக் கரைத்தால் தொட்டி நீலமாகும். காரணம் அப்படியே இருக்கும்.

கைட்ரிட் பூஞ்சைகளின் கதை வேறு. அவை பஞ்சாய்த் தோன்றுவதில்லை. 1999இல் பெயரிடப்பட்ட பி.டி. இந்தியத் தவளைகளிலும் பதிவாகியுள்ளது. 2013இல் விவரிக்கப்பட்ட பி.சால், நெதர்லாந்தின் தீச்சாலமாண்டர்களை ஏறத்தாழ அழித்தேவிட்டது. அவ்விலங்குகளை 25 டிகிரி செல்சியஸில் 10 நாள் வைத்தால் பி.சால் நீங்குவதை 2015இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினர். வெப்பம் தாங்காதவற்றுக்கு 20 டிகிரியிலேயே வோரிகோனசோலையும் பாலிமிக்சின் ஈ-யையும் இணைத்து அளிக்கும் வழியும் உண்டு. இதைப் படித்ததும் ஹீட்டர் வாங்கக் கிளம்ப வேண்டாம். அதே 25 டிகிரி பி.டி.க்கு இதமான வெப்பம்! ஒன்றை ஒழிப்பது மற்றொன்றை வளர்க்கும். டார்ஜிலிங் மலைக்குளங்களில் வாழும் இமாலய நியூட் அவ்வெப்பத்தைத் தாங்குமென்றும் கருதிவிட இயலாது.

அந்த நியூட் 2015இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. நாம் வளர்ப்பவை ஒருநாள் குளத்துக்குத் திரும்ப வேண்டியவை. அரைகுறையாகக் குணமான ஒரு விலங்கு, தொட்டியின் நோயைக் குளத்துக்கே கொண்டுசேர்க்கும். ஆகவே மருந்துக்கு முன் தோலில் பஞ்சுக்குச்சி மாதிரி, பி.சி.ஆர். சோதனை, மருந்துக்குப் பின் இடைவெளிவிட்டு இன்னும் இருமுறை. "மருந்தளித்தோம், பிழைத்தது" என்பதை நான் சான்றாக ஏற்பதில்லை. புண்ணுக்குக் காரணமான கல்லை எடுத்ததால்கூட அது பிழைத்திருக்கலாம்.

என் முதலாண்டுக் குறிப்பேட்டில் பல பக்கங்களில் வெறுமனே "பூஞ்சை" என்றே எழுதியிருக்கிறேன். எந்தப் பூஞ்சையென்று இன்று எவராலும் சொல்ல இயலாது; மாதிரி ஒன்றுகூட நான் எடுத்துவைக்கவில்லை.