வென்ற பிறகு என்ன செய்தார்கள்?

தொண்ணூறுகளின் அல்டர்நேட்டிவ் ரொக் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் முதலில் சொல்வது நிர்வானாவின் 'நெவர்மைன்ட்'. அடுத்தது பேர்ள் ஜாமின் 'டென்'. இரண்டும் 1991இல் வந்தவை. நல்ல அல்பங்கள்தான். ஆனால் என்னுடைய முதல் மூன்றில் அவை இல்லை.

காரணம் இருக்கிறது. அல்டர்நேட்டிவ் என்றால் மாற்று. யாருக்கும் நம்மைத் தெரியாத காலத்தில் மாற்றாக இருப்பது பெரிய காரியமில்லை. காசும் பெயரும் வந்த பிறகும் அப்படி இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியோடு கேட்டால் என் பட்டியல் இதுதான்.

1. 'இன் யூட்டரோ' – நிர்வானா, 1993

1992 ஜனவரியில் 'நெவர்மைன்ட்', மைக்கல் ஜக்சனின் 'டேஞ்சரஸ்' அல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதே மாதிரி இன்னொன்றைச் செய்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விற்றிருக்கலாம். அவர்களோ ஸ்டீவ் அல்பினியிடம் போனார்கள். மினசோட்டாவில் சுமார் இரண்டே வாரத்தில் வேலை முடிந்தது. மெருகே இல்லை. ட்ரம்ஸ் அடி நம்முடைய அறைக்குள்ளேயே விழுவது போலிருக்கும். அல்பினி ரோயல்டி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு இலட்சம் டொலர் கூலி மட்டும் வாங்கினார். கம்பனிக்கு அல்பம் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பாடல்களை வேறொருவர் மீண்டும் மிக்ஸ் செய்தார். அந்தளவுக்கு விட்டுக்கொடுத்தார்கள்தான். ஆனாலும் அல்பத்தின் முரட்டுத்தனம் போகவில்லை.

2. 'வெர்சஸ்' – பேர்ள் ஜாம், 1993

வந்த முதல் வாரத்திலேயே 9 இலட்சத்துக்கும் மேல் விற்றது. எம்டிவி கொடிகட்டிப் பறந்த அந்தக் காலத்தில் இதன் ஒரு பாட்டுக்குக்கூட வீடியோ எடுக்கவில்லை. 1998 வரை அப்படியே இருந்தார்கள். அடுத்த வருடம், டிக்கட் விலை 20 டொலரைத் தாண்டக்கூடாது என்று டிக்கட்மாஸ்டர் கம்பனியோடு மோதினார்கள். குழுவில் இருவர் அமெரிக்க காங்கிரஸ் முன்னால் சாட்சியும் சொன்னார்கள். 1995இல் நீதித் திணைக்களம் விசாரணையை மூடிவிட்டது. தோற்றுப்போனார்கள். ஆனால் ரசிகனின் பொக்கெட்டுக்காக இவ்வளவு தூரம் போன பெரிய குழு வேறு எது?

3. 'நோ நீட் டு ஆர்கியூ' – த கிரேன்பெரீஸ், 1994

முதல் அல்பத்தில் மென்மையான பாடல்களால் பெயர் வாங்கியவர்கள். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வொரிங்டன் நகரில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளுக்கு 3 வயதுப் பிள்ளையும் 12 வயதுப் பிள்ளையும் பலியானார்கள். டொலரஸ் ஓ'ரியர்டன் 'ஸொம்பி' எழுதியது அதற்காகத்தான். அயர்லாந்தின் பெயரால் நடந்த கொலையை அயர்லாந்துப் பெண்ணே கண்டித்துப் பாடினார். மற்றவன் செய்ததைக் கண்டிக்க யாராலும் முடியும். தன் பக்கத்தார் செய்ததைக் கண்டிக்க நெஞ்சுரம் வேண்டும். நம் நாட்டில் எந்தச் சமூகத்துக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

"இவர்களும் பெரிய கம்பனிகளில் இருந்து உழைத்தவர்கள்தானே, கலகமும் ஒரு வியாபாரம்தானே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இவர்கள் துறவிகள் இல்லை. ஆனால் சும்மா இருந்தாலே காசு கொட்டும் இடத்தில் இருந்துகொண்டு சில விடயங்களுக்கு 'முடியாது' என்றார்கள். அதற்கு ஒரு விலை உண்டு.

ஓ.எல்., ஏ.எல். என்று நமது பிள்ளைகளுக்கு எப்படி வெல்வது என்று மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறோம். வென்ற பிறகு, பதவியில் உட்கார்ந்த பிறகு, எதற்கு 'முடியாது' சொல்ல வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுப்பது? டொக்டரும் இன்ஜினியரும் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். கொமிஷன் வேண்டாம் என்று சொல்பவர்கள் எத்தனை பேர்?

இந்த மூன்றையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே இருப்பில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் காரணத்தோடு கீழே எழுதுங்கள். பேசுவோம்.