மாஷியின் சம்பளத்தை நிறுத்தாதீர்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்



நவராத்திரி நெருங்கிவிட்டது, பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கும் நேரம். இந்த 2020-ஆம் ஆண்டில் அதிக மாதம் குறுக்கிட்டதால், செப்டம்பர் 17-ஆம் தேதி மஹாளயம் முடிந்தும் துர்கா பூஜை சஷ்டி அக்டோபர் 22-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. வழக்கமாக இந்த நாள்களில் நம் வீடுகளில், வீட்டு வேலைக்கு வரும் மாஷிக்கு என்ன புடவை எடுப்பது, பூஜை போனஸை எந்தத் தேதியில் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருப்போம். இப்போது பல வீடுகளில் அந்தப் பேச்சே இல்லை. ஏப்ரல் மாதம் வரை சம்பளம் கொடுத்தோம், அதற்கு மேல் வேலைக்கு வராதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று சிலர் எங்களிடமே கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

நம் மாஷிகளில் பெரும்பாலோர் சியால்தா தெற்குப் பிரிவு லோக்கல் ரயிலில் வருபவர்கள். கானிங், லக்ஷ்மிகாந்தபூர், சோனார்பூர் பக்கத்து ஊர்க்காரர்கள். கானிங் இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். கோசாபா, பாசந்தி போன்ற சுந்தரவனத்து ஊர்களிலிருந்து வருபவர்கள் கானிங் வந்து சேர்வதற்கே தனியாக ஒரு பயணம் செய்ய வேண்டும். விடிவதற்கு முன் ரயில் ஏறி, பாலிகஞ்சிலோ தாக்குரியாவிலோ இறங்கி, நாம் காபி குடித்து முடிப்பதற்குள் வாசல் மணியை அடிப்பார்கள். கொரோனா ஊரடங்கால் மார்ச் 23 முதல் அந்த ரயில்கள் ஓடவில்லை. செப்டம்பர் 14 முதல் மெட்ரோ ஓடுகிறது, கடைகள் திறந்துவிட்டன, அலுவலகங்களும் நடக்கின்றன. லோக்கல் மட்டும் இன்னும் வரவில்லை. ரயில்வே ஊழியர்களுக்கான சிறப்பு ரயிலில் ஏறப் பார்த்தால் இறக்கிவிடுகிறார்கள். ஆட்டோ, வேன் என்று மாறி மாறி வந்தால் சம்பாதிப்பதில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும்.

இதற்கு நடுவில்தான் மே 20-ஆம் தேதி ஆம்பான் புயல் அடித்தது. நமக்கு அந்த இரவு சதர்ன் அவென்யூவில் விழுந்து கிடந்த மரங்களாகவும், மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் கழித்த நாள்களாகவும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு அது கூரை போன இரவு. கரை உடைந்து உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் உடனே நெல் விளையாது. குளத்து மீனும் செத்துப்போகும். புருஷனோ மகனோ கேரளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ கட்டட வேலைக்குப் போயிருந்தால், அவரும் ஊரடங்கில் வேலையிழந்து வீடு திரும்பியிருப்பார். நான்கைந்து வீடுகளில் வேலை செய்து சேர்த்த மாதப் பணம் ஒன்றுதான் பல குடும்பங்களில் நம்பிக்கையான வருமானமாக இருந்தது. அதைத்தான் நாம் நிறுத்தியிருக்கிறோம்.

ரயில் ஓடாதது அவர்கள் குற்றமில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்த்து முழுச் சம்பளம் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்தும் ஃபீஸ் கட்டுகிறோம். பாத்திரம் துலக்குவதை வீட்டிலிருந்து செய்ய முடியாது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் பட்டினி கிடக்க வேண்டுமா?

இனி, பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து நடந்தே வரக்கூடியவர்கள், எப்படியோ வண்டி பிடித்து வந்து சேர்பவர்கள் படும் பாடு. நம் வட்டாரத்து ஒரு கட்டடத்தில் மாஷிகள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று கமிட்டி எழுதி ஒட்டியிருக்கிறது. அறுபதைத் தொட்ட ஒரு அம்மா முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறுகிறார். காய்கறிப் பையோடு வந்த நாம் அதே லிஃப்டில் போகிறோம். இன்னொரு இடத்தில் வாசல் காவலாளி அவர்களுக்கு மட்டும் கிருமிநாசினி தெளிக்கிறார். இந்த நகரத்தில் முதல் தொற்று மார்ச் 17-ஆம் தேதி உறுதியானது, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்கு. நோய் விமானத்தில் வந்தது; கானிங் லோக்கலில் வரவில்லை. மாஸ்க், சோப்பு, இடைவெளி எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். மாஷி வீட்டுக்குள் வரும்போது நாமும் மாஸ்க் போட்டுக்கொள்வோம். நம்மிடமிருந்து அவருக்குத் தொற்றினால், அவர் திரும்பிப் போவது ஏழெட்டுப் பேர் படுக்கும் ஓர் அறைக்கு.

சந்தேகம் பிறந்தால் மனிதர்கள் போய்விடுவார்கள் என்பதை மே மாதத்தில் பார்த்தோம். மணிப்பூரைச் சேர்ந்த முன்னூறுக்கும் மேற்பட்ட நர்சுகள் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை வேலைகளை விட்டு ஊர் திரும்பினார்கள். அக்கம்பக்கத்தார் நடத்திய விதமும் ஒரு காரணம் என்று பலர் சொன்னார்கள்.

இந்த ஊருக்கு வேறொரு பழக்கமும் உண்டு. 1898-இல் பிளேக் பயம் பரவியபோது ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். அப்போது விவேகானந்தர் வங்காள மொழியில் ஒரு வேண்டுகோளை அச்சடித்துக் கொடுத்தார். மறுவருஷம் பாக்பஜாரில் அவருடைய சீடர் நிவேதிதா தாமே துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டினார். குடிசைகளுக்குள் போய் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அவர் கேட்டுக்கொண்டதும் மாணவர்கள் தொண்டுக்கு வந்தார்கள். நம் பாரதியார் குருவாக வணங்கி, 1908-இல் ‘ஸ்வதேச கீதங்க’ளைக் காணிக்கையாக்கியது இந்த நிவேதிதாவுக்குத்தான். அவர் வாழ்ந்த ஊரில் குடியிருக்கிறோம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் நாம்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லேயே தனி நல வாரியம் வந்துவிட்டது. அது போதுமா என்பது வேறு விஷயம், ஆனால் அது தொழில் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. இங்கே அவர்களுடைய சங்கம் ஒன்று தொழிற்சங்கப் பதிவு பெறவே 2018 ஆயிற்று. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாததால் நம் வாய்ச்சொல்தான் அவர்களுக்கு ஒப்பந்தம்.

ஆகவே, நின்ற மாதங்களின் சம்பளத்தை முழுவதுமாகக் கொடுங்கள். முடியாவிட்டால் பாதியாவது கொடுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தால் போதும், அதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம். போனஸைச் சஷ்டிக்கு முன் சேர்த்துவிடுங்கள். கொலுவுக்கு இந்த வருஷம் யாரையும் அழைக்கப் போவதில்லை. தாம்பூலத்துக்கும் பரிசுப் பொருளுக்கும் ஒதுக்கியது மிச்சம்தான், அதையும் மாஷிக்கே கொடுக்கலாம். ரயில் ஓடத் தொடங்கியதும் பழைய வேலை அவருக்குத்தான் என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்று லீவு கேட்டால் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார். கட்டடக் கமிட்டியில் இருப்பவர்கள் லிஃப்ட் தடையை எடுத்துவிட்டு, கீழ்த்தளத்துக் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் சிறப்பு ரயில்களில் அனுமதிக்கக் கோரி, ரயில்வேக்கும் மாநில அரசுக்கும் ஒரு மனு தயாராகிறது. அதைக் கட்டடம் கட்டடமாகக் கொண்டுவருவோம். கையெழுத்துப் போட உங்கள் பேனாவையே எடுத்து வாருங்கள். பணத்தை எங்களிடம் கொடுக்க வேண்டாம்; நாங்கள் நிதி எதுவும் திரட்டவில்லை. அவரவர் வீட்டு மாஷிக்கு நேராகப் போய்ச் சேரட்டும். அவருக்கு வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் மகன் அல்லது மகளின் கணக்கு எண்ணைக் கேட்டு அனுப்புங்கள். அனுப்பியதும் ஒரு போன் செய்து, வந்ததா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சில
கொல்கத்தா, அக்டோபர் 2020